480 டாலருக்கு ஒரு மீன்

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. வலது தோள் இன்னும் வலிக்கிறது. கையுறையை மூன்று தடவை துவைத்தும் மீன்முட்டை வாடை போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிடுகிறேன். மீன்பிடிக்க எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடிகிறதா பார்ப்போம்.

இடம் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே இருக்கிற சால்மன் ரிவர். ஒன்டாரியோ ஏரியில் போய் விழுகிற ஆறு. கரையில் இருக்கும் ஊரின் பெயரைப் புலாஸ்கி என்று சொல்லிக்கொண்டு போனேன். பெட்ரோல் பங்கில் இருந்த அம்மா "புலாஸ்கை" என்று இரண்டு தரம் திருத்தினார். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் எடிசனிலிருந்து சுமார் 300 மைல். ஸ்க்ராண்டன், பிங்ஹாம்டன், சிரக்யூஸ் என்று 81-ஆம் நெடுஞ்சாலையிலேயே நேராக ஏறி, 36-ஆம் எக்ஸிட்டில் இறங்க வேண்டும். சிரக்யூஸ் வரைக்கும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

சிரக்யூஸ் தாண்டியதும் சொல்ல இருக்கிறது. ஏரியின் மேல் வீசுகிற குளிர்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து இந்தப் பக்கத்தில் பனியாகக் கொட்டும். அதுவும் பட்டை பட்டையாக. ஒரு மைலுக்கு நட்சத்திரம் தெரிகிறது, அடுத்த மைலில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே இந்த நிலைமை. கூட வந்தவன், கல்லூரியிலிருந்தே என் கூட்டாளி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி 25 மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டே "ஏல, பேசாம கடையில மீன் வாங்கியிருக்கலாம்லா" என்றான்.

வாங்கியிருக்கலாம்தான். ஆனால் சேரன்மகாதேவியில் தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவனுக்குத் தூண்டில் ஒரு வியாதி. மயிலிறகுத் தண்டில் தக்கை, நரம்பு, முள்ளில் மண்புழு, மாட்டினால் கெண்டை, யோகம் இருந்தால் விரால். அமெரிக்கா வந்து பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஆற்றில் தூண்டில் போடவில்லை. போன வருஷம் அக்டோபர் முதல் வாரம் கூட்டாளி தனியாக இங்கே வந்து, கரையில் நின்று பார்த்துவிட்டுக் கடுப்போடு திரும்பினான். சால்மன் ஏறுகிற அந்த நாட்களில் சீசன் நேரத்துக் குற்றாலம் மாதிரி ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு நிற்பார்களாம். ஒருத்தன் நரம்பு இன்னொருத்தன் நரம்போடு சிக்கும், சண்டை வரும். முட்டையிட்ட சால்மன் செத்துக் கரையெல்லாம் நாறிக் கிடக்கும். இந்தத் தடவை கைடு வைத்துப் படகில் போவது, அதுவும் கூட்டம் போன பிறகு, சால்மனுக்குப் பின்னால் ஏறி வரும் ஸ்டீல்ஹெட் என்கிற மீனுக்கு என்று முடிவு செய்தோம். இரண்டு பேருக்கு 500 டாலர். இரண்டு வாரம் யோசித்தேன்.

மோட்டலுக்கு ஒரு இரவு 120 டாலர். அறைக் கதவைத் திறந்ததும் நமக்கு முன்னால் தங்கியவர்கள் என்ன பிடித்தார்கள் என்று தெரிந்துவிடும், கார்ப்பெட்டே சொல்லும். ஹீட்டர் ராத்திரி முழுக்கப் பழைய டவுன் பஸ் மாதிரி இருமியது. வெந்நீர் வருகிறது, ஆனால் குளியலறைக் கதவு மூடவில்லை. இதே அறை மீன் இல்லாத மாதத்தில் பாதி விலைக்குக் கிடைக்குமாம், வரவேற்பில் இருந்த பையனே பெருமையாகச் சொன்னான்.

முதல் நாள் சாயங்காலமே ஒரு மீன்பிடிக் கடையில் உரிமம் எடுத்தோம். வெளிமாநிலத்தவருக்கு ஒரு நாளைக்கு 10 டாலர், நியாயம். அங்கேயே எங்கள் காலைப் பார்த்த கடைக்காரர், ஆணி வைத்த பூட்ஸ் இல்லாமல் இந்த ஆற்றுப் பாறையில் நிற்கவே முடியாது, பாசி வழுக்கி மண்டை உடையும் என்று பயமுறுத்தினார். ஆளுக்கு 25 டாலர் வாடகை. எடுத்தோம். நாளைக்குப் படகில் போகிறோம் என்று நான் தெளிவாகச் சொன்னேன். அவர் தெளிவாகத் தலையாட்டினார்.

காலை ஐந்து மணிக்கு, அதே ஆற்றங்கரையில் இருக்கும் அல்ட்மார் என்கிற ஊரின் பாலத்துக்குப் பக்கத்தில் கைடு காத்திருந்தார். அறுபது வயது இருக்கும், தாடியில் பனி. எங்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் காலைப் பார்த்தார். "அந்த ஆணியோடு என் படகில் ஏறக்கூடாது." படகின் தரையெல்லாம் ஓட்டையாகிவிடுமாம். வீட்டிலிருந்து நாங்கள் போட்டு வந்த பனிக்கால பூட்ஸே போதும், தண்ணீருக்குள் இறங்கப் போவதில்லை என்றார். ஐம்பது டாலர் பூட்ஸ் அவருடைய டிரக்கின் பின்னால் போய் விழுந்தது.

படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடி தட்டையாக, இரண்டு முனையும் மேலே வளைந்து, சீவிய வாழைப்பழம் மாதிரி இருக்கும். மோட்டார் கிடையாது. நாங்கள் இருவரும் முன்னால், கைடு நடுவில் துடுப்போடு. படகு ஆற்றோடு இறங்குகிறது, அவரோ எதிர்ப்பக்கமாகத் துடுப்பு வலித்துக்கொண்டே வருகிறார். போவதற்கு அல்ல, போகாமல் இருப்பதற்கு! தண்ணீரின் வேகத்தைவிட மெதுவாகப் படகு இறங்கினால்தான் முன்னால் இருப்பவன் தூண்டில் போட முடியும். எட்டு மணி நேரம் இப்படி ஆற்றோடு மல்லுக்கட்டுகிற மனிதரைப் பார்த்தபோதுதான் 500 டாலர் பற்றிய புலம்பலை நிறுத்தினேன். காலுக்கடியில் ஒரு புரோப்பேன் ஹீட்டரும் வைத்திருந்தார். மோட்டலுக்கு எவ்வளவோ மேல்.

இருட்டிலேயே போய் ஒரு மடுவின் தலையில் நங்கூரம் போட்டு உட்கார்ந்தோம். சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான் இங்கே தூண்டில் போட அனுமதி. ராத்திரியில் பிடிப்பது குற்றம். முள்ளை மீனின் உடம்பில் கோத்து இழுப்பதும் குற்றம். ஒரு காலத்தில் இங்கே அது சட்டப்படி நடந்ததாம், தொண்ணூறுகளில் நிறுத்தினார்கள். காத்திருந்த நேரத்தில் கைடு ஆற்றின் பெருமையை அளந்தார். 1989-இல் இங்கே பிடிபட்ட 33 பவுண்டு 4 அவுன்ஸ் கோஹோ சால்மன் உலக சாதனையாகப் பதிவானது. 1991-இல் ஒரு சினூக் சால்மன், 47 பவுண்டு 13 அவுன்ஸ். மாநிலச் சாதனை. இருட்டில் இதையெல்லாம் கேட்கும்போது தண்ணீருக்கடியில் எருமைகள் நிற்பது போலத் தோன்றியது.

வேடிக்கை என்னவென்றால் இந்த மீன்கள் எதுவும் இந்த ஊர்க்காரர்கள் இல்லை. இங்கே இருந்தது அட்லாண்டிக் சால்மன். அணைகளும் காடழிப்பும் சேர்ந்து அதை 1900-க்குள் முடித்துவிட்டன. பிறகு ஆல்வைஃப் என்கிற சின்ன மீன் ஏரியில் பெருகிச் செத்துக் கரை ஒதுங்கி நாற, அதைத் தின்பதற்கென்று 1968-இல் பசிபிக் கடற்கரைச் சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்டீல்ஹெட்டின் மூதாதையர் வாஷிங்டன் மாநிலம். எங்களைப் போலவே பிழைக்க வந்து நிலைத்துவிட்ட கூட்டம். கிரீன் கார்டு வரிசை மட்டும் இல்லை. ஸ்டீல்ஹெட் என்றால் வேறு மீனே இல்லை, ரெயின்போ டிரவுட்தான். நீலகிரியில் அவலாஞ்சிக்கு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அதே இனம். ஆற்றிலேயே இருந்தால் டிரவுட். கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய்த் தின்று கொழுத்து, வெள்ளிக் கவசத்தோடு திரும்பி வந்தால் ஸ்டீல்ஹெட். சினூக் முட்டையிட்டதும் செத்துவிடும். இது பிழைத்துத் திரும்பிப் போகும், மறுபடியும் வரும்.

இரை சால்மன் சினை. கொசுவலை மாதிரியான துணியில் கொண்டைக்கடலை அளவுக்கு முடிச்சுப் போட்டு, ரோஸ் நிறத்தில் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். காரணம் எளிது: சால்மன் போட்ட முட்டைகளில் மண்ணுக்குள் தங்காமல் உருண்டு வருபவற்றைத் தின்னத்தான் ஸ்டீல்ஹெட் பின்னாலேயே ஏறி வருகிறது. மேலே தக்கை, நடுவில் பொடி ஈயக் குண்டுகள், கீழே முடிச்சு. தாமிரபரணியில் செய்ததேதான்! நான் கொஞ்சம் மிதப்பாகிவிட்டேன்.

வெளிச்சம் வந்து இருபது நிமிஷம். தக்கை பட்டென்று உள்ளே போனது. சேரன்மகாதேவியில் கெண்டைக்கு இழுக்கிற மாதிரி இரண்டு கையாலும் வானத்துக்கு வீசி இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீனையும் பார்க்கவில்லை, முள்ளையும் பார்க்கவில்லை. கைடு ஒன்றும் சொல்லாமல் புது முள் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான், நரம்பு தாங்குவது 8 பவுண்டு, மீன் 10 பவுண்டு இருக்கும், கணக்கு நீயே போட்டுக்கொள் என்றார். கூட்டாளி சிரித்த சிரிப்பு அடுத்த ஊரான பைன்வில் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு அணையிலிருந்து நொடிக்கு 750 கன அடி தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய 21,000 லிட்டர். மேலே மின்சாரம் எடுப்பதைப் பொறுத்து இந்த எண் மாறும், இலையுதிர் காலத்தில் 335-க்குக் கீழே விடமாட்டார்களாம். கிளம்பும் முன் இதைப் பார்க்காமல் போகாதீர்கள். கைடு பார்ப்பது இந்த எண்ணை மட்டும் இல்லை. எனக்கு ஆறு முழுக்க ஒரே கறுப்புத் தண்ணீர்தான். அவர் துடுப்பு நுனியால் காட்டுவார்: இங்கே வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசுகிற கோடு, மீன் மந்தத்தில் நின்றுகொண்டு வேகத்தில் வருவதைக் கவ்வும், தக்கை அந்தக் கோட்டின் மேலேயே, நுரை போகிற வேகத்தில் போக வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போட்டால் நாள் முழுக்கப் போட்டாலும் கிடைக்காது. இந்த ஒரு முழத்துக்குத்தான் காசு.

கூட்டாளி அந்த ஒரு முழத்தை என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். மதியத்துக்குள் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் "ஃபிஷ் ஆன்!" என்று கத்தல். எனக்கு விரல் மரத்துப்போனதுதான் மிச்சம். கோலின் வளையங்களில் ஐஸ் கட்டி நரம்பு ஓடவில்லை, அதை விரலால் உடைத்து உடைத்துப் போட வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாடு ஒரு சரளைத் திட்டில். வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரையை ஃபாயிலோடு ஹீட்டர் மேல் வைத்துவிட்டேன். பனி விழுகிறது, அடியில் லேசாகப் பிடித்துக் கருகின வாசனை, நிலக்கடலை மொறுமொறு என்று, தொட்டுக்கொள்ள ரயில்வே பாணியில் உருளைக்கிழங்கு வறுவல். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வருஷத்தில் நான் சாப்பிட்ட சிறந்த சாப்பாடு இதுதான். கைடு ஒரு வாய் கேட்பார், ஆஹா ஓஹோ என்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. தன்னுடைய சீஸ் சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, கையை உதறி, கிளம்பலாமா என்றார்.

இரண்டு மணி வாக்கில், வலது கரையில் சாய்ந்த ஒரு மரத்துக்குக் கீழே. தக்கை முங்கவில்லை, சும்மா நின்றது. ஆறு ஓடுகிறது, தக்கை நிற்கிறது. மெதுவாகக் கோலை உயர்த்தினேன். ஐயோ! ரீல் அலறியது. முப்பது அடி தள்ளித் தண்ணீர் வெடித்து, ஒரு வெள்ளிப் பாளம் ஆளுயரத்துக்கு எழும்பி, வாலால் காற்றை அடித்து விழுந்தது. மறுபடி எழும்பியது. கைடு நங்கூரக் கயிற்றை இழுத்துவிட்டு, படகோடு அதைத் துரத்த ஆரம்பித்தார். "இழுக்காதே, ஓடினால் ஓடட்டும், நின்றால் சுற்று!" என்று பின்னாலிருந்து கத்தல். அது பாறைக்குப் பின்னால் போனது, படகும் போனது. தோள் கழன்றுவிடும் போல. பத்து நிமிஷமா, இருபதா, தெரியாது. கூட்டாளி வீடியோ எடுப்பதாகச் சொல்லி எடுக்கவே இல்லை. பட்டனை அமுக்க மறந்துவிட்டானாம். ஏல, உன்னை நம்பினேன் பாரு.

வலைக்குள் வந்தபோது பார்த்தேன். 31 அங்குலம். முதுகு இரும்பு நிறம், பொடிப் புள்ளிகள், செவுள் மூடியில் மட்டும் ரோஸ் பூசின மாதிரி. கையில் பிடித்தால் உள்ளே இன்ஜின் ஓடுகிறது.

கொண்டுபோகலாமா என்று கூட்டாளி ஆரம்பித்தான். ஆளுக்கு ஒரு ஸ்டீல்ஹெட் எடுக்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. மனசுக்குள் எனக்கும் மாங்காய் போட்ட குழம்பு கொதித்தது உண்மை. கைடு மீனைத் தண்ணீருக்குள்ளேயே வலையில் வைத்துக்கொண்டு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒன்டாரியோ ஏரி மீனில் பிசிபி, மைரெக்ஸ் என்று பழைய தொழிற்சாலை விஷங்கள் தங்கியிருக்கின்றன. பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் குழந்தைகளும் தின்பது பற்றி மாநிலச் சுகாதாரத் துறையே எச்சரிக்கிறது. கூட்டாளி வீட்டில் ஐந்து மாதக் கைக்குழந்தை, தங்கச்சி பால் கொடுக்கிறாள். அவன் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. மீனை எதிர்நீச்சல் திசையில் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் கழித்து வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஊருக்குக் கிளம்பும் முன் அல்ட்மார் ஹேட்சரியை, அதாவது மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணையை, பார்த்தோம். அனுமதி இலவசம் என்பதாலேயே பிடித்தது. தாங்கள் வளர்ந்த தண்ணீரின் வாசனையை நினைவு வைத்துக்கொண்டு மீன்கள் திரும்பி வந்து ஏறுகிற படிக்கட்டு இருக்கிறது. நாங்கள் போனபோது இரண்டே இரண்டு கோஹோ ஏறிக்கொண்டிருந்தன. இதற்காகத் தனியாகப் போக வேண்டாம்.

கணக்கு: கைடு 500, டிப்ஸ் 100 (இருபது சதவீதம் கொடுங்கள், அந்தத் துடுப்புக்குக் கொடுக்கலாம்), மோட்டல் 120, பெட்ரோல் 78, உரிமம் 20, சாப்பாடு 62, பூட்ஸ் 50. மொத்தம் 930 என்றுதான் ஊருக்குக் கிளம்பும்போது எழுதி வைத்திருந்தேன். பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கிறது, காயவைக்க ஜோடிக்கு 15 டாலர் என்றார். ஆற்றுக்கென்று வாடகைக்கு விடுகிற பூட்ஸ்! அதுவும் எங்கள் பூட்ஸ் ஆற்றையே பார்க்கவில்லை. நாள் முழுக்க டிரக்கில் கிடந்து, பனி பெய்து நனைந்தவை. முப்பது டாலர். 960. ஆளுக்கு 480.