காம்ப்ரிஹென்சிவ் வைவா: மாக் புரோப் கேள்விக்கு நான் தயாரான விதம்

முடிவு வந்துவிட்டது, தேறிவிட்டேன். பிளாஸ்மா (அயனிகளாகவும் எலக்ட்ரான்களாகவும் பிரிந்த வாயு) இயற்பியலில் காம்ப்ரிஹென்சிவ் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, படிப்பவர்களுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். லாங்மியூர் புரோப்பின் (பிளாஸ்மாவுக்குள் நுழைக்கும் சிறு மின்முனை) மின்னோட்ட–மின்னழுத்த வளைவு எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைத் தாண்டிவிடுகிறேன். வைவாவில் பெரும்பகுதி நேரத்தை எடுத்துக்கொண்டது வேறொன்று: காந்தப்புலம் உள்ள பிளாஸ்மா எந்த வேகத்தில் ஓடுகிறது என்று புரோப்பை வைத்து எப்படிச் சொல்வது?

மாக் புரோப்பின் அமைப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம். நடுவில் ஒரு காப்புச் சுவர், இருபுறமும் முதுகோடு முதுகாக இரண்டு கலெக்டர்கள், இரண்டிலும் அயனித் தெவிட்டு மின்னோட்டம் (எலக்ட்ரான்களை விலக்கி, அயனிகளை மட்டும் வாங்கும்போது வருவது). ஓட்டத்தை எதிர்கொள்ளும் பக்கம் அதிகம் வாங்கும். இரண்டின் விகிதத்தை எடுத்து, அதன் இயல் மடக்கையை ஒரு மாறிலியால் வகுத்தால் மாக் எண், அதாவது பிளாஸ்மாவின் ஒலி வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அது ஓடுகிறது என்பது. இங்கேயே நின்றுவிட்டால் அடுத்த கேள்வி உடனே வரும்: "அந்த மாறிலி எவ்வளவு?"

என்னைக் காப்பாற்றிய பழக்கம் ஒன்றுதான். வாய்பாட்டை எழுதும் முன், போர்டின் ஓரத்தில் இரண்டு நீளங்களை எழுதினேன்: புரோப்பின் அளவு, அயனியின் லார்மர் ஆரம் (புலக்கோட்டைச் சுற்றி அயனி போடும் வட்டத்தின் ஆரம்). டோக்கமாக் (வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவி) ஓரத்தில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்), 20 எலக்ட்ரான் வோல்ட், 2 டெஸ்லா என்று வையுங்கள். ஆரம் சுமார் 0.3 மி.மீ. வரும். 5 மி.மீ. புரோப் அதைவிட மிகப் பெரியது, ஆகவே வலுவாகக் காந்தமேற்ற நிலை. மாறிலி 2.3-ஐ ஒட்டி இருக்கும். அதே புரோப்பை 100 காஸ் ஆர்கான் பிளாஸ்மாவில் வையுங்கள். அயனிகள் 0.1 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குக் குளிர்ந்திருந்தாலும் ஆரம் 2 செ.மீ. ஆகிவிடும். அங்கே காந்தப்புலம் இல்லாத கணக்குதான் பொருந்தும், மாறிலி 1.34. மின்னோட்ட விகிதம் 2 என்றால் முதல் கணக்கில் மாக் எண் 0.30, இரண்டாவதில் 0.52. ஒரே விகிதத்துக்கு இரண்டு விடை! எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிட்டதால், அதற்குப் பிறகு கேள்விகள் எனக்குத் தெரிந்த பக்கமே வந்தன.

"2.3 எங்கிருந்து வருகிறது?" இதற்கு மனப்பாடம் போதாது. புரோப் அயனிகளை உறிஞ்சும்போது அதைத் தொடும் காந்தக் குழாய் (புலக்கோடுகளின் கட்டு) காலியாகிறது. புலக்கோடுகளுக்குக் குறுக்கே பரவி வரும் அயனிகள்தான் அதை நிரப்புகின்றன. அவை உந்தத்தையும் எந்த அளவுக்குக் கொண்டுவருகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆய்வாளர் ஸ்டேஞ்ச்பியின் 1984 மாதிரியில் பாகுநிலை, அதாவது இந்தக் குறுக்கு உந்தப் பரிமாற்றம், இல்லை. ஹட்சின்சன் அதைச் சேர்த்தார், 2.3 அங்கிருந்து வருவதுதான். மிதமான ஓட்டத்தில், அதே விகிதத்துக்கு ஸ்டேஞ்ச்பி மாதிரி ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் காட்டும். இதைப் படம் போட்டுச் சொல்லிப் பழகுங்கள். எனக்குச் சமன்பாட்டைவிடப் படம்தான் கை கொடுக்கும். உங்களுக்கு அப்படி இல்லையென்றால் சமன்பாட்டையே ஒருமுறை முழுதாக வருவித்துப் பாருங்கள்.

அந்தக் காலியான பகுதி எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் கேட்டார்கள். புரோப் அளவின் வர்க்கத்தை ஒலி வேகத்தால் பெருக்கி, குறுக்குப் பரவல் எண்ணின் எட்டு மடங்கால் வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். 5 மி.மீ., நொடிக்கு 50 கி.மீ., நொடிக்கு 1 சதுர மீட்டர் என்று போட்டால் சுமார் 16 செ.மீ. அதற்குள் ஒரு லிமிட்டர் (பிளாஸ்மாவின் விளிம்பைத் தடுக்கும் திடப்பொருள்) இருந்தால் மாதிரி அப்படியே பொருந்தாது.

கட்டாயம் கையில் இருக்க வேண்டியவை:

- இரு கலெக்டர்களும் ஒருபோதும் அச்சு அசலாக ஒரே பரப்பு இல்லை. புரோப்பை 180 பாகை திருப்பி மறுபடி அளந்து, இரண்டு விகிதங்களையும் ஒன்றால் ஒன்றை வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் பரப்பு வேறுபாடு அடிபட்டுப் போகும்.
- புலத்துக்குக் குறுக்கான ஓட்டத்தை அளக்கக் கலெக்டர் முகம் சாய்ந்திருக்க வேண்டும். கனடாவின் டோக்கமாக் டி வரேனில் வந்த குண்டஸ்ட்ரப் புரோப்பில் சுற்றிலும் முனைகள் இருப்பது இதற்காகத்தான்.
- மிதப்பு மின்னழுத்தத்தின் (புரோப்பில் நிகர மின்னோட்டம் பூஜ்ஜியமாகும் மின்னழுத்தம்) சரிவிலிருந்து ஈ கிராஸ் பி வேகம் (மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து தரும் நகர்வு) எடுப்பவர்கள் வெப்பநிலைச் சரிவை மறக்கக் கூடாது. ஹைட்ரஜனில் மிதப்பு மின்னழுத்தம் பிளாஸ்மா மின்னழுத்தத்தைவிட எலக்ட்ரான் வெப்பநிலையின் சுமார் மூன்று மடங்கு கீழே இருக்கும்.
- ஒலி வேகத்தில் அயனி வெப்பநிலையைச் சேர்த்தீர்களா, விட்டீர்களா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 1.34 என்பது எலக்ட்ரான் வெப்பநிலையை மட்டும் வைத்த ஒலி வேகத்துக்கு உரியது.

"இதையெல்லாம் அளந்து என்ன பயன்?" என்று ஒருவராவது கேட்பார். அமெரிக்காவின் ஆல்கட்டர் சி-மாட் டோக்கமாக்கை நான் சொன்னேன். அங்கே லபோம்பார்ட் குழுவினர் உட்புற ஓரத்தில் கிட்டத்தட்ட ஒலி வேகத்தில் ஓடும் பிளாஸ்மாவைப் புரோப்களால் கண்டார்கள். எக்ஸ் புள்ளி (புலக்கோடுகள் எக்ஸ் வடிவில் சந்திக்கும் இடம்) மேலிருந்து கீழே மாறினால் அந்த ஓட்டத்தின் திசையும் மாறியது. இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, அதனால் பேச்சு தானாக வந்தது. நீங்களும் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு சோதனையை எடுத்து, அதன் வரைபடங்களைப் பார்க்காமல் வரையும் அளவுக்குப் படித்துக்கொண்டு போங்கள்.

அப்புறம், கால்குலேட்டர் தரமாட்டார்கள். 2, 3, 5, 10 ஆகியவற்றின் இயல் மடக்கைகள் மனதில் இருக்கட்டும்.