பட்ட மரத்து விறகின் ஈரம்

2022ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது கொழும்பில் விறகடுப்புக்குத் திரும்பியவர்களில் பலர், பட்டுப்போன மரத்தை உடனே எரிக்கலாம் என்று எண்ணினார்கள். ஆனால் நின்றபடியே பட்ட மரத்தின் மேற்கிளைகள் காற்றில் உலர்ந்துவிட்டாலும், பட்டை மூடிய அடிமரம் ஈரத்தை நெடுநாள் தக்கவைத்திருக்கும். விழுந்து கிடக்கும் மரமோ மழைநீரையும் மண்ணின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஆகவே ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த உட்புறத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் உண்டு. ஈரமானி வைத்திருப்பவர்களும் அந்த உட்புறத்தையே அளக்க வேண்டும்; 20 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. வெட்டுமுனையில் வெடிப்பு இருப்பதை மட்டும் வைத்து விறகு உலர்ந்துவிட்டது என்று நான் நம்புவதில்லை. அடுப்பில் விறகு சீறி, முனையில் நீர் நுரைத்தால், வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது. மிகுந்தெழும் புகையோ சமைப்பவரின் நெஞ்சுக்குள் போகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே பிளந்து, கூரையின் கீழ், நிலத்தில் படாமல் அடுக்கிவிடுங்கள்.