பயத்தை எழுதி வைத்த ஃபைல்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பலர் ஏதாவது ஒரு விசாரணையைத் தாண்டி வந்தவர்கள்தான். இலங்கையிலிருந்து படகில் வந்து இறங்கிய குடும்பம், அங்கே சிறையிலிருந்து திரும்பிய மீனவர், பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை கேஸில் மாட்டிய பையன். எங்களிடம் வருவதற்கு முன்பே நாலைந்து பேர் அவர்களைக் குடைந்திருப்பார்கள். எங்களையும் இன்னொரு அதிகாரி என்றே நினைத்து வந்து உட்காருவார்கள். அந்த நினைப்பு போவதற்கே பல வாரம் பிடிக்கும்.

அப்படிப் பல வாரம் கழித்து வாய் திறந்தவர் ஓர் இளைஞர். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கையிலிருந்து வந்தவர். ராத்திரி விளக்கை அணைத்தால் அவருக்கு மூச்சு முட்டும். சின்ன வயதில், போரின் கடைசி மாதங்களில், வன்னியில் பங்கருக்குள் கிடந்திருக்கிறார். "இருட்டெண்டா மண் வாய்க்குள்ள வாற மாதிரி இருக்கும் அக்கா" என்றார். ஃபைலில் எழுதிக்கொண்டேன். எது எப்போது அவரைப் பிடிக்கிறது என்று எழுதி வைக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

கொஞ்ச நாளில் ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கூட்டி வந்த படகோட்டி யார் என்று அந்த இளைஞர் சொல்ல மறுக்கிறாராம். "மேடம், உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுறான்ல. நாங்க விசாரிக்கும்போது நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க, போதும். அவனுக்கும் தைரியமா இருக்கும்." எழுந்து போகும்போது இன்னொன்றும் கேட்டார்: "அவனுக்கு எதுல பயம்னு உங்க ஃபைல்ல இருக்குமே?"

இரண்டுக்கும் முடியாது என்றேன். எழுத்திலும் கொடுத்தேன்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பதிவு இருக்கிறது. 2002 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம், உளவு அமைப்பான சிஐஏவுக்கு ஒரு சட்டக் குறிப்பு எழுதியது. அல்-கொய்தா ஆள் என்று பிடிபட்ட அபு ஸுபைதா பூச்சிகளுக்குப் பயப்படுகிறார் போலத் தெரிகிறது, அவரை அடைக்கிற பெட்டிக்குள் ஒரு பூச்சியை விடலாம் என்று அதில் அனுமதி இருக்கிறது. பூச்சியை விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஆனால் அந்த மாதத்தில் மட்டும் 83 முறை அவர் முகத்தில் தண்ணீரை ஊற்றி மூச்சடைக்க வைத்தார்கள். அந்த விசாரணை முறைகளை வகுத்துக் கொடுத்த ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெஸ்ஸன் இருவரும் உளவியலாளர்கள். அவர்கள் நிறுவனத்துக்கு 8.1 கோடி டாலர் போனதாக 2014 டிசம்பரில் வெளிவந்த செனட் குழு அறிக்கை சொல்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த சிவில் வழக்கு 2017ல் சமரசத்தில் முடிந்தது. அந்த இருவர் மேல் கிரிமினல் வழக்கு என்று ஒன்று வரவே இல்லை.

இவர்களைவிட எனக்கு ஆறாத கோபம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேல்தான். 2005ல் அது அமைத்த குழுவில் பெரும்பாலோர் ராணுவத்தோடு தொடர்புள்ளவர்கள். உளவியலாளர் கூட இருந்தால் விசாரணை பாதுகாப்பாகவும் சட்டப்படியும் நடக்கும் என்று அந்தக் குழு பச்சைக்கொடி காட்டியது. "பக்கத்துல உட்காருங்க, போதும்" என்பதையேதான் அவர்கள் அறிக்கையாக எழுதினார்கள். அங்குள்ள மனநல மருத்துவர்களின் சங்கமும் மருத்துவர்களின் சங்கமும் 2006லேயே நேரடிப் பங்கேற்பு கூடாது என்று சொல்லிவிட்டன. உளவியல் சங்கத்துக்கு 2015 ஆகஸ்ட் வரை ஆனது. அதுவும், சங்கத்து ஆட்களே பாதுகாப்புத் துறை அதிகாரிகளோடு பேசி வைத்து விதிகளைத் தளர்வாக வைத்திருந்தார்கள் என்று, சங்கமே நியமித்த வழக்கறிஞர் ஹாஃப்மனின் அறிக்கை ஜூலையில் போட்டு உடைத்த பிறகுதான்.

கூட இருந்து தடுக்கலாமே என்று எங்கள் துறையிலேயே கேட்கிறார்கள். அந்த அறைக்குள் நமக்கு எந்த அதிகாரமும் கிடையாது. நாம் இருப்பதால் மிஞ்சுவது விசாரிப்பவருக்கு வருகிற தைரியம் மட்டும்தான். "மேடம் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லலையே" என்று நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். "இன்னும் தாங்குவான்" என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கும்.

நம் சட்டம் இதில் மோசமில்லை. சம்மதம் இல்லாமல் உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை எதுவும் செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக்குகிறது. ஆனால் விதிவிலக்குகளில் பொதுப் பாதுகாப்பும் ஒன்று. கடலோர மாவட்டத்தில் அந்த ஒரு காரணத்தை எதற்கும் சொல்லிவிடலாம். எனவே யார் கேட்டாலும், எந்தச் சட்டப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். முதல் சந்திப்பிலேயே வந்தவரிடம், எதை யாரிடம் நான் சொல்ல வேண்டி வரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பொறுப்பு விஷயத்தில்தான் ஓட்டை. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். வெறும் 'கவுன்சலர்' என்று போர்டு மாட்டியவர் தவறு செய்தால் பறிக்க உரிமமே இல்லை. கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தீயில் மாட்டி 28 பேர் செத்தார்கள். துணை மருத்துவத் துறையினருக்காக 2021ல் வந்த சட்டம் மற்ற உளவியலாளர்களையும் பதிவுக்குள் கொண்டுவருகிறது. அந்தப் பதிவோடு வரும் நெறிமுறையில் ஒரு வரி வேண்டும்: காவலில் இருப்பவரின் விசாரணையில் உளவியலாளர் உட்காரக் கூடாது, விசாரிப்பவருக்கு யோசனையும் சொல்லக் கூடாது. மீறினால் அகதி முகாமில் இருப்பவரும் தமிழிலேயே புகார் எழுதிப் போட ஒரு முகவரியும் வேண்டும்.