இரண்டாம் மாடி வராந்தா

அக்டோபர் 3, 2025, வெள்ளி

நேற்று விஜயதசமி. நல்ல நேரம் பார்த்துக் கடையின் இணையதளத்தைப் புது இடத்துக்கு மாற்றியாகிவிட்டது. இன்று காலை வந்த முதல் வாட்ஸ்அப்: "அக்கா, பக்கம் இல்லைன்னு வருது." இரண்டாவதும் அதுதான். ஒன்பது மணிக்குள் பதினொன்று.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய முகவரியில் 'புராடக்ட்'. புதியதில் 'புராடக்ட்ஸ்'. ஒரே ஒரு எஸ். அதில் 612 சேலைக்கும் வழி அடைபட்டுப் போனது.

அப்பாவிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 4, சனி

உடைந்த லிங்க் தேடித் தரும் ஸ்கிரீமிங் ஃபிராக் மென்பொருளை ஓட்டினேன். இலவசப் பதிப்பு 500 முகவரியோடு நின்றுவிடும். பழைய சைட்மேப்பை, அதாவது தளத்தின் முகவரிப் பட்டியலை, இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை ஓட்ட வேண்டியதாயிற்று. திரை முழுக்க 404, 404, 404. பக்கம் இல்லை என்பதற்கான எண். தீபாவளிக்கு இன்னும் 16 நாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் எப்போதும் யாருடைய போனோ தொங்கிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

தமிழில் முகவரி வைத்தது என் யோசனை. 2019-ல். அப்போது பெருமையாகத்தான் இருந்தது. மேலே தமிழாகத் தெரிவது உள்ளே சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாக ஓடுகிறது. தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட், பைட் ஒன்றுக்கு மூன்று இடம். ஆக ஒன்பது. மெய்க்கு மேலே வைக்கிற புள்ளிக்குத் தனியாக ஒன்பது. 'சுங்குடி' நமக்கு நாலு எழுத்து. அங்கே 72 இடம்.

பழைய தளம் ஓடிய வேர்ட்பிரஸ் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு ஒதுக்குவது 200 இடம். அதற்கு மேல் போனால் வெட்டு. 'மதுரை சுங்குடி அரக்குச் சிவப்பு' என்று நான் வைத்த பெயர், பட்டியலில் 'மதுரை-சுங்குடி-அரக்குச்' என்று நிற்கிறது. சிவப்பைக் காணோம். சிவப்புக்காக வந்த ச் மட்டும் ஓரத்தில் தொங்குகிறது. ஆறு வருடமாகத் தொங்கியிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. பெரிய புள்ளி வைத்த அரக்குச் சிவப்பு வந்தபோது அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, பின்னால் 2 ஒட்டிக்கொண்டது. அப்புறம் 3.

ஆகவே பெயரைப் பார்த்துப் பழையதையும் புதியதையும் ஜோடி சேர்த்துத் திருப்பிவிட வழியில்லை. ஒவ்வொரு சேலையாகப் படம் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். இன்று 90 முடிந்தது. கண் எரிகிறது.

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 8, புதன்

அத்தை மகன் பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழம், ஆலோசனை, இரண்டும் கொண்டுவந்தான். "எதுக்கு இவ்வளவு கஷ்டப்படுற? எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பி விடு, அஞ்சு நிமிஷ வேலை."

சுங்குடி கேட்டு வந்தவளைக் கூட்டிப்போய் விளக்குத்தூண் முனையில் நிறுத்தி, இங்கேதான் எங்கேயோ இருக்கு, தேடிக்கோ என்பதா? கூகுளும் அதற்கு மயங்காது. சம்பந்தமில்லாமல் முகப்புக்குத் தள்ளினால் அதையும் ஒரு வகை 404 என்றே கணக்கு வைக்கும். இதை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஆரஞ்சு புளிப்பு.

அக்டோபர் 9, வியாழன்

முகவரியைத் திருப்பிவிட இரண்டு எண். 301 என்றால் வீடு மாறிவிட்டார்கள், இனி அங்கேதான். 302 என்றால் இப்போதைக்கு அங்கே. மூன்று நாளாகக் கவுண்ட்டரில் 'நாளைக்கு வாங்க' என்கிறார்கள். 302.

அக்டோபர் 10, வெள்ளி

340 முடிந்தது. ஒரு பழைய திருப்பல் இன்னொரு பழைய திருப்பலுக்குப் போய், அங்கிருந்து இப்போது 404-க்குப் போகிறது. மூன்று வருடம் முன்பு நான் கட்டிய முடிச்சு. சங்கிலியை எடுத்துவிட்டு நேராகப் போட்டேன். குறைந்தது ஒரு வருடம் இவற்றை அழிக்கக் கூடாது. ஒரு வருடம் என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.

அக்டோபர் 11, சனி

404-ஐப் பதிவு செய்யும் செயலியில் இரண்டு நாளாகச் சில முகவரிகள் மட்டும் எதோடும் சேராமல் நின்றன. பட்டியலில் உள்ள முகவரியேதான், ஆனால் வால் 45 இடம் நீளம். எல்லாவற்றுக்கும் அதே 45. வைரஸா, எவனாவது விளையாடுகிறானா என்று பயந்துபோய், வாலை மட்டும் வெட்டித் தமிழாக மாற்றிப் பார்த்தேன்.

நன்றி.

'மதுரை-சுங்குடி-அரக்குச்', ஒரு சாய்கோடு, அப்புறம் நன்றி. இப்படிப் பதினான்கு.

அப்பா. கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் போனிலிருந்து லிங்க் அனுப்புவார். ஒட்டியதும் இடைவெளி விடாமல் நன்றி என்று அடிப்பார். வாட்ஸ்அப் அதையும் முகவரி என்றே எடுத்துக்கொண்டு நீல நிறம் பூசிவிடும்.

பழைய சர்வரின் பதிவை இறக்கிப் பார்த்தேன். 2020-லிருந்து இருக்கிறது. நன்றி, நன்றி, நன்றி, எல்லாம் 404. நான் இடம் மாற்றியதால் உடைந்தவை இல்லை. பிறந்ததிலிருந்தே ஓடாதவை. "லிங்க் அனுப்பினாலும் எல்லாரும் ஏன் போன் பண்ணியே வாங்குறாங்க, ஆன்லைன்ல போட மாட்டேங்கிறாங்க" என்று நான் எத்தனை தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன்.

பதினான்குக்கும் கையாலேயே 301 போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் இல்லாமல் போய்விட்டதாம். பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்கு. நம் தளம் தொடங்கியதும் 2013-ல்தான். தூக்கம் வராத நேரத்தில் படிக்கிற விஷயமா இது.

அக்டோபர் 13, திங்கள்

அப்பா கொஞ்சம் தெளிவாக இருந்தார். இட்லி ஒன்றரை. மெதுவாகக் கேட்டேன்.

"நான் அனுப்புன லிங்க் வேலையே செய்யலையா?"

"ஆமாப்பா."

"எல்லாரும் போன் பண்ணுனாங்களேம்மா."

அதற்கு மேல் அவருக்கு அதில் பிரச்சினை எதுவும் தெரியவில்லை. இனி ஓர் இடைவெளி விட்டு அடியுங்கள் என்றேன். போனைக் கேட்டார். கொடுக்கவில்லை, டிரிப்ஸ் ஏறுகிற கை.

அரக்குச் சிவப்பை என்ன செய்வது என்றும் கேட்டேன். முடிச்சுப் போட்டுத்தந்த அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை, அந்தச் சேலை இனி வராது. கிட்டத்தட்ட அதே நிறத்தில் அச்சுப் போட்டது இருக்கிறது, அங்கே திருப்பிவிடலாம். "அது வேற சேலைம்மா" என்றார், கண்ணை மூடிக்கொண்டே.

அக்டோபர் 14, செவ்வாய்

சேலைப் பெட்டி! 800 பெட்டியிலும் கியூஆர் அச்சடித்திருக்கிறது, அது போவது 'ஷாப்' என்ற பழைய பக்கத்துக்கு. புது இடத்தில் 'ஷாப்' என்று தொடங்கும் முகவரியைத் திருப்பிவிட அனுமதியே இல்லை. இரண்டு மணிநேரம் முட்டிப் பார்த்தேன். கடைசியில் ஸ்டிக்கர்தான். கடைப் பையன்கள் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள். கோணலாக ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா ஓகேவா?"

ஓகே.

அக்டோபர் 15, புதன்

612-ல் 575 முடிந்தது. மீதி 37, எல்லாம் இனி வராத சேலைகள். அரக்குச் சிவப்பின் பழைய படத்தைப் போட்டு, விற்றுத் தீர்ந்தது, இனி வராது என்று எழுதி ஒரு பக்கம் திறந்தேன். வாங்க முடியாத பக்கம். கீழே கடை போன் எண்.

மழை. வராந்தாப் பக்கம் ஜன்னல் கதவு சாத்தவே வரவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. உறையைப் பிரிக்காமல் மூன்று ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்கிறார்கள். பிரிக்காமல் எப்படி எடுப்பது? கீழே கடையில் கரண்ட் வேறு இல்லை. எதிர்ச் சாரியில் இன்னொன்று இருக்கிறதாம்