விஸ்காம் செய்முறைத் தேர்வுக்கு விண்கலம் செய்கிறீர்களா? முதலில் அளவு விகிதம்

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) இறுதியாண்டு புராஜெக்டுக்கு அறிவியல் புனைவுத் தொடர் ஒன்றின் காட்சியை எடுக்க நினைப்பவர்கள் வழக்கமாக ஒரு வரிசையில் போகிறார்கள். கலத்தைச் செய்து, பெயிண்ட் அடித்து, கடைசி வாரத்தில்தான் கேமராவைத் தொடுகிறார்கள். மேசைமேல் பிரமாதமாக இருந்த கலம் திரையில் பொம்மையாகத் தெரியும். வேலைப்பாட்டில் குறை இருக்காது. விகிதத்தை முடிவு செய்யாமல் தொடங்கியதுதான் சிக்கல்.

1:25 அளவில் மாடல் செய்தால் உயரம் 25 மடங்கு குறைகிறது. ஆனால் ஒரு பொருள் கீழே விழும் நேரம் 25-இன் வர்க்கமூலமான 5 மடங்குதான் குறையும். ஆகவே அது திரையில் நிஜக் கலம்போல மெதுவாக விழ, சினிமாவின் வழக்கமான விநாடிக்கு 24 பிரேமை (படத்தை) 5-ஆல் பெருக்கி, விநாடிக்கு 120 பிரேமில் எடுக்க வேண்டும். 1:100 என்றால் 240 பிரேம். இன்று பல போன்களின் ஸ்லோ மோஷனில் இந்த இரண்டு வேகங்களும் உள்ளன. இரண்டில் 1:25 நல்லது. 10 மீட்டர் நீள இறங்குகலம் 40 செ.மீ. வரும், கை வேலைக்கு வசதியான அளவு. 120 பிரேமில் எடுத்ததை எடிட்டிங்கில் 24 பிரேம் டைம்லைனில் 20 சதவீத வேகத்தில் போடுங்கள். திரையில் 5 விநாடி ஓடும் தரையிறக்கம் நிஜத்தில் 1 விநாடியில் முடிந்துவிடும். கலத்தைத் தூக்கி இறக்குபவர் அந்த ஒரு விநாடிக்குப் பலமுறை ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும்.

இந்தக் கணக்கு புழுதி, இடிபாடு, தரையிறக்கம் என ஈர்ப்புவிசை வேலை செய்யும் ஷாட்டுகளுக்கு மட்டும்தான். விண்வெளியில் மிதந்து போகும் கலத்துக்கு இது கட்டாயமில்லை. கேமரா ஆடாமல், மெதுவாக, ஒரே சீராக நகர்ந்தால் போதும். வைவாவில் 'ஏன் 120?' என்று கேட்டால் இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கலத்தின் உடம்புக்கு 3 அல்லது 5 மி.மீ. சன்போர்டு (பிவிசி நுரைப் பலகை) எடுங்கள். தெர்மாகோல்மேல் ஸ்ப்ரே பெயிண்ட் நேரடியாகப் பட்டால் அதிலுள்ள கரைப்பான் அதைத் தின்றுவிடும். தெர்மாகோல்தான் கையில் இருக்கிறது என்றால், இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து மூன்று பூச்சு கொடுங்கள், ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு. ஒரு ஓட்டை விட்டாலும் பெயிண்ட் உள்ளே போய்விடும். மேலே ஒட்டும் நுணுக்கங்களுக்குப் புதுச்சேரி மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் உடைந்த பொம்மைகள், பழைய கீபோர்டு, கால்குலேட்டர் தேடுங்கள். எதை ஒட்டினாலும் விகிதம் மாறக்கூடாது. 2 மீட்டர் கதவு 8 செ.மீ., ஆள் சுமார் 7 செ.மீ. ஒரு கதவு 5 செ.மீ. ஆகிவிட்டால் கலம் முழுவதும் பொய்யாகிவிடும்.

கடலோர ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் பெயிண்ட் மேல் வெள்ளைப் படலம் படியும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இது நிச்சயம். காலை 10 மணிக்குப் பிறகு, காற்றோட்டமுள்ள நிழலில், மெல்லிய பூச்சாக அடியுங்கள். இரவில் வேண்டவே வேண்டாம்.

கேமராவுக்குத் தெரியாத பக்கத்தில் நேரத்தைச் செலவிடாதீர்கள். 1966-இல் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ் மாடல் சுமார் 11 அடி நீளம். அதன் இடப்பக்கம் முழுதாக முடிக்கப்படவில்லை. விளக்குகளுக்கான வயர்கள் அந்தப் பக்கமாகத்தான் போயின. கனமான மாடலை அசைக்காமல் கேமராவைத்தான் நகர்த்தினார்கள். உங்களுக்கும் அதே வழிதான் சரி.

வெளிச்சத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் 120 பிரேமில் அலை அலையாகப் பதிவாகும், எடிட்டிங்கில் நீக்குவது பெரும்பாடு. வெயில்தான் தீர்வு. விண்வெளியிலும் ஒரே சூரியன், கூரிய நிழல். காலை 8 மணி சாய்வெயிலில் பலகை இடுக்குகள் எல்லாம் எழுந்து தெரியும், கடற்காற்றும் அப்போது பெரும்பாலும் அடங்கியிருக்கும். கலம் வெயிலில், பின்னணிக் கறுப்பு வெல்வெட் இரண்டு மீட்டர் தள்ளி நிழலில். கறுப்புச் சார்ட் பேப்பர் பளபளக்கும், வேண்டாம். டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸ் துளை எஃப் 16 (சிறிய துளை, ஃபோகஸ் ஆழமாக விழும்), ஷட்டர் 1/250 விநாடி. உச்சி வெயிலுக்கு ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 250 போதும், காலை வெயிலுக்கு 400 வரை போகலாம். பின்னால் இருப்பது மங்கினால் மாடல் என்பது உடனே தெரிந்துவிடும், அதனால்தான் எஃப் 16. போனில் சென்சார் சிறியது, ஃபோகஸ் தானாகவே ஆழமாக விழும். இந்த வேலைக்கு அது லாபம்.

கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடல் மணலைத் தரையாகப் பரப்பாதீர்கள். அரை மி.மீ. மணல் 1:25-இல் 12.5 மி.மீ. ஜல்லியாகத் தெரியும். மாவுச் சல்லடையில் சலித்த செம்மண்ணை அடியில் பரப்பி, மேலே முல்தானி மிட்டி தூவுங்கள்; நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ வாங்கினால் பல டேக் வரும். புழுதி மேகம் இதில்தான் நம்பும்படி எழும். முகக்கவசம் அவசியம்.

ஒலிக்குச் சிந்தஸைசர் தேவையில்லை. 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ தொடரில் காலப் பயணக் கலமான டார்டிஸின் ஒலி, பிபிசியின் பிரையன் ஹாட்ஜ்சன் பழைய பியானோக் கம்பிகளில் சாவியைத் தேய்த்துப் பதிவு செய்ததிலிருந்து உருவானது. உங்கள் கலத்தின் ஒலிக்கு ஃபிரிட்ஜ் இரைச்சலைப் பதிவு செய்து பாதி வேகத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

ஒவ்வொரு டேக்குக்கும் பிரேம், ஷட்டர், ஐஎஸ்ஓ, தூரம், என்ன தவறு என்று ரெக்கார்டில் எழுதுங்கள். கெட்டுப்போன டேக்குகளையும் வைத்திருங்கள். மினுக்கல் உள்ள ஒன்றையும் வெயிலில் எடுத்த ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால், எக்ஸ்டர்னலுக்கு (வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கு) நீங்கள் நீளமாக விளக்க வேண்டியிருக்காது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பாவது கல்லூரி ஹாலின் புரொஜெக்டரில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் கறுப்பாக இருந்த விண்வெளி அங்கே சாம்பலாகும், கலத்தின் நிழல் பக்கம் காணாமல் போகும். நிழல் பகுதியைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தனியாக ஒரு ஃபைல் எடுத்து, 'ஹால்' என்று பெயரிட்டு அதையும் பென் டிரைவில் வையுங்கள்.