முன்பாரம், பின்பாரம்

களக்காட்டில் எங்கள் அப்பாவுக்கு ஒரு மாட்டுவண்டி இருந்தது. வயக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்றி மண்டியில் கொண்டுபோய்ப் போடுவார். அங்கிருந்து லாரியில் கேரளத்துக்குப் போகும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் தார் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் கைக்கு எட்டிய இடத்தில் வைத்துவிடுவேன். அப்பா கத்துவார்: "ஏலே, முன்பாரம் கூடுனா மாட்டுக் கழுத்து ஒடிஞ்சிரும். பின்பாரம் கூடுனா நுகத்தடி மேல தூக்கிரும். பாத்து வைலே!"

1986-ல் திருவனந்தபுரத்தில் இந்தியன் ஏர்லைன்ஸில் லோடராகச் சேர்ந்தேன். ஊரில் 'ஏர்போர்ட்டில் வேலை' என்று மட்டும்தான் பரவியது. விடுமுறையில் போனால் டீக்கடையில், "பிளேன் ஓட்டுதியாமே?" என்று கேட்பார்கள். வாழைத்தாருக்குப் பதில் பெட்டி ஏற்றுகிறேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

போயிங் 737-ன் அடிவயிற்றில் பெட்டி அடுக்கும் இடத்தில் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. முட்டி போட்டுத்தான் தள்ள வேண்டும். சேர்ந்த புதிதில் ஒருநாள், கதவு பக்கமாக இருக்கிறதே என்று எல்லாப் பெட்டியையும் பின்பக்க அறையிலேயே தள்ளப் போனேன். சீனியர் ஒருவர், மலையாளி, சட்டையைப் பிடித்து இழுத்தார். கையில் இருந்த தாளைக் காட்டினார். முன்னறையில் இவ்வளவு கிலோ, பின்னறையில் இவ்வளவு கிலோ என்று போட்டிருந்தது. ஆள் ஒருவருக்கு 75 கிலோ என்று வைத்து, யார் எந்தப் பகுதியில் உட்காருகிறார்கள், எரிபொருள் எவ்வளவு என்று எல்லாவற்றையும் கூட்டி, விமானத்தின் எடை எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று கணக்குப் போடுவார்கள். அந்தப் புள்ளி ஒரு எல்லைக்குள் இருந்தால்தான் விமானம் ஏறலாம். டிரிம் என்று அதற்குப் பெயர். எனக்கு உடனே புரிந்துவிட்டது. "இது எங்கப்பா வண்டிக் கணக்குதான்" என்றேன். அவருக்குத்தான் நான் சொன்னது புரியவில்லை. அன்றிலிருந்து என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அங்கே திருநெல்வேலிக்காரன் என்றாலே அண்ணாச்சிதான்.

இந்த நிறுவனத்தின் கதையும் ஒரு பாரத்தில்தான் தொடங்குகிறது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹுவுக்கு 'புஸ் மாத்' என்ற சின்ன விமானத்தை ஓட்டி வந்தார். ஆள் கிடையாது, 25 கிலோ தபால் மட்டும். அதை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாக மெட்ராசுக்கு அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட் கொண்டுவந்தார். 1935-ல் திருவனந்தபுரத்துக்கும் டாடா விமானம் தபாலோடு வந்துவிட்டது. நான் பெட்டி தூக்கிய அதே ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. 1953-ல் அரசு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா, உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் என்று இரண்டாக வைத்தது. எங்கள் பக்கம் எட்டு கம்பெனிகளைச் சேர்த்து உருவானது. 2007-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். சொத்துப் பிரித்த பங்காளிகளை ஐம்பது வருஷம் கழித்து ஒரே வீட்டில் குடிவைத்த மாதிரிதான். அடுப்பு ஒன்றாக நாளாயிற்று. ஐ.சி. என்று தொடங்கும் எங்கள் விமான எண்கள் 2011-ல்தான் ஏ.ஐ. என்று மாறின.

திருவனந்தபுரத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாத ஒன்று உண்டு. பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசாமி ஆராட்டு ஊர்வலம், சாமியை நீராட்ட, ரன்வேயைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். சில மணி நேரம் ஒரு விமானமும் ஏறாது, இறங்காது. சாமி திரும்பிப் போனதும் ரன்வேயைச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் திறப்பார்கள். யானை நடந்த தடத்தில் ராத்திரி விமானம் இறங்கும்.

நம்ம பக்கத்து ஆட்களை அங்கே தினமும் பார்க்கலாம். மேலப்பாளையம், ஏர்வாடிக்காரர்கள் நாகர்கோவில் வழியாகவும், கடையநல்லூர்க்காரர்கள் செங்கோட்டை, புனலூர் வழியாகவும் வந்து வளைகுடாவுக்கு விமானம் ஏறுவார்கள். போகும்போது ஒரு பெட்டி. வரும்போது கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள், நான்கு பக்கமும் பெயர், ஊர், ஜில்லா. பாரத்தைத் தூக்கினாலே உள்ளே பால்பவுடரா, போர்வையா என்று சொல்லிவிடுவோம்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்ததும் அது தலைகீழாயிற்று. அங்கே சிக்கிய நம் ஆட்களைக் கொண்டுவர ஜோர்டானின் அம்மானிலிருந்து பம்பாய்க்கு 488 நடை. 1,11,000 பேருக்கு மேல் கொண்டுவந்து சேர்த்தார்கள். பயணிகள் விமானங்களால் அவ்வளவு பேரை மீட்டது கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அதில் நான் எதுவும் செய்யவில்லை. பம்பாயிலிருந்து எங்களுக்கு வந்த விமானங்களின் அறைக் கதவைத் திறந்தேன், அவ்வளவுதான். ஆள் நிறைய, பெட்டி குறைய. இத்தனை வருஷத்தில் அந்த மாதிரி லோடு நான் பார்த்ததில்லை. பெல்ட் பக்கம் ஒருவர் கையில் பிளாஸ்டிக் பையோடு நின்றார். நான் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, தென்காசி பஸ் எங்க நிக்கும்?" என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

சலுகை டிக்கெட் பற்றிக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கல்யாண வீட்டில் இலையில் உட்கார்ந்தாலே, "நமக்கு ஒரு பிளேன் டிக்கெட் போட்டுத் தாயேன்" என்று ஆரம்பிப்பார்கள். ஊழியருக்கும் குடும்பத்துக்கும் இலவச டிக்கெட் உண்டு என்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அது 'சப்ஜெக்ட் டு லோடு'. காசு கொடுத்தவர் எல்லாரும் ஏறிய பிறகு இடமும் எடையும் மிச்சம் இருந்தால்தான் நமக்கு. அதாவது, நாம் கடைசிப் பாரம்.

1993-ல் மெட்ராசில் தங்கச்சி வீட்டுக்கு அப்பாவையும் அம்மாவையும் அப்படி அனுப்பினேன். ஊழியர் டிக்கெட்டில் போகிறவர்கள் உடுப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். அப்பா கஞ்சி போட்ட வேட்டியும் துண்டுமாக முதல் நாளே களக்காட்டிலிருந்து வந்துவிட்டார். அன்று விமானம் நிறைந்துவிட்டது.

"டிக்கெட்டு இருக்குல்லா?"

"இருக்குப்பா. இடம் இல்ல."

"பஸ்ஸுல நின்னுகிட்டே போவோம்லா. இதுல நிக்க முடியாதோ?"

வள்ளக்கடவில் என் அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்தேன். ராத்திரி முழுக்க அம்மா, "பேசாம ரயில்லயே போயிருக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மறுநாள் இடம் கிடைத்தது. அந்த விமானத்துக்கு லோடு ஏற்றியதும் நான்தான். முன்னறைப் பெட்டிகளை இரண்டு தடவை எண்ணினேன். திரும்பி வந்த அப்பாவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "எல்லாம் சரிதாம்லே. பின்பாரம் கொஞ்சம் கூடுதல். கிளம்புனதும் மூக்கத் தூக்கிட்டே!"

என்னைக் கேட்டால் பெரிய சலுகை டிக்கெட் இல்லை, வைத்தியம். அப்பாவுக்கு நெஞ்சில் பைபாஸ் செய்தபோது கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. வயலை விற்காமல் தப்பித்தோம். ஆனால் அதைச் சொன்னால் கல்யாண வீட்டில் யாரும் வாய் பிளப்பதில்லை.

2021 ஆகஸ்டில் 58 வயதில் ஓய்வு பெற்றேன். அக்டோபர் 8 அன்று ஏர் இந்தியாவை 18,000 கோடிக்கு டாடா எடுத்ததாகச் செய்தி வந்தது. 2022 ஜனவரி 27 அன்று கைமாறியது. ஒரு வருஷத்துக்கு யாரையும் அனுப்பக் கூடாது என்பது நிபந்தனை. 12,085 பேர் அப்போது வேலையில் இருந்தார்கள். பெட்டி ஏற்றும் தரைப்பணி நிறுவனம் ஒன்று விற்பனையில் சேரவில்லை, அரசிடமே நின்றது. அதைப் படித்ததும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. பாரம் தூக்குகிறவனை எப்போதும் தனியாகத்தான் எழுதுகிறார்கள்.

போன வருஷம் மகளைச் சென்னைக்கு அனுப்ப, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் போனேன். அங்கே புது டெர்மினல் 2025 ஜூலையில் திறந்தார்கள். ரன்வேயும் 3,115 மீட்டருக்கு நீண்டிருக்கிறது. நாங்கள் போன அன்று நின்றது விசிறி சுழலும் சின்ன விமானம், ஒரு ஏ.டி.ஆர். அதில் ஆள் ஏறுவது பின்கதவில், பெட்டி ஏறுவது முன்னால். ஏறுகிற கூட்டமெல்லாம் முதலில் பின்பக்கம் நிற்பதால் மூக்கு தூக்கிவிடாமல் வாலுக்கு அடியில் ஒரு கம்பியை முட்டுக் கொடுப்பார்கள். மாட்டை அவிழ்த்ததும் வண்டிக்கு அப்பா வைக்கும் முட்டுக்கட்டை மாதிரி.

உள்ளே போன மகள் போன் பண்ணினாள். வாலுக்கு அடியில் கம்பி இருக்கிறதா பார் என்றேன்.

"இருக்குப்பா. இப்பதான் எடுக்காங்க."