தோட்ட வேலை மதிப்பீடு: மொத்தத் தொகையைக் கடைசியில் பாருங்கள்

தோட்டம் போட ஒப்பந்தக்காரர்கள் தரும் மதிப்பீட்டில் நான் முதலில் தேடுவது மண்ணைப் பற்றிய வரியைத்தான். "புல்தரை, மண் உட்பட" என்று ஒருவர் எழுதியிருந்தார். எத்தனை அங்குலம் மண்? அது இல்லை. 1,000 சதுர அடிக்கு 6 அங்குலம் நிரப்ப 500 கன அடி மண் வேண்டும். 4 அங்குலம் என்றால் சுமார் 333 போதும். மூன்றில் ஒரு பங்கு மண் குறைகிறது, தாளில் இரண்டும் ஒரே வரி. விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான்.

நடைபாதையில் பதிக்கும் பேவர் கல்லும் அப்படித்தான். கல்லின் விலையை விட, அடியில் என்ன போடுகிறார்கள் என்று கேளுங்கள். தோண்டி, ஜல்லி கொட்டி, அடுக்கடுக்காக இறுக்கி, மேலே மணல் பரப்பினால் கல் நிற்கும். வெறும் மண்மேல் மணலைத் தூவிப் பதித்தால் நல்ல மழைக்கு அப்புறம் ஒரு பக்கம் இறங்கிவிடும்.

செடிக்குப் பெயர் மட்டும் போதாது, தொட்டி அளவும் உயரமும் வேண்டும். பட்டுப்போனால் மாற்றித் தருவார்களா, எத்தனை மாதம் வரை, அதையும் எழுத்தில் வாங்குங்கள். தோண்டிய மண்ணை யார் அள்ளிப் போவது என்பதைப் பலர் எழுதுவதே இல்லை.

சரி, எப்படி ஒப்பிடுவது? ஒரே அளவு, ஒரே வரைபடம், ஒரே பட்டியலை எல்லாரிடமும் கொடுத்து மறுபடி விலை கேட்கிறேன். முகம் சுளிக்காமல் வரி வரியாகப் பிரித்துக் கொடுப்பவர் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவருக்கு நான் வேலை கொடுப்பதில்லை.